அனெட் கெலர்மான்

அனெட் மேரி சாரா கெலர்மான் (ஜூலை 6, 1886 – நவம்பர் 1975) ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த நீச்சல் வீராங்கனையும் நீர்மேடைக் கலைஞரும் ஊமைப்படக் கால நடிகையும் நூலாசிரியரும் ஆவார். பெண்கள் உடலோடு ஒட்டிய ஒற்றைத்துண்டு நீச்சல் உடையை அணிந்து நீந்துவதை மேற்கு நாடுகளில் வழக்கத்துக்குக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவராக இவர் கருதப்படுகிறார். கடற்கன்னி வேடத்தில் பல திரைப்படங்களில் நடித்தார். அவ்வேடத்துக்கான மீன்வால் உடைகளைத் தாமே வடிவமைத்தார். சிலவற்றைத் தாமே தைத்தும் கொண்டார். துணியால் தைத்த வாலை அணிந்து நீந்தும் இன்றைய பொழுதுபோக்கின் வரலாறு பெரும்பாலும் இவரிடமிருந்தே தொடங்கிச் சொல்லப்படுகிறது.

இவருடைய வாழ்க்கையின் முக்கியக் கட்டங்கள் பலவற்றில் உடை ஒரு சிக்கலாகக் குறுக்கிட்டது. அவற்றுட் சிலவற்றை இவர் ஊசி நூலைக் கொண்டே தீர்த்துக்கொண்டார். இவரைப் பற்றிய பல குறிப்புகள் இவரது உடலழகையும் துணிச்சலையும் மட்டும் பேசி இதனை விட்டுவிடுகின்றன.

இளமை

கெலர்மான் சிட்னி நகரில் பிறந்தார். தந்தை பிரெடெரிக் கெலர்மான் வயலின் கலைஞர். தாய் ஆலிஸ் சார்பொனே பிரான்சு நாட்டவர். பியானோ இசைக்கலைஞரும் இசை ஆசிரியையும் ஆவார். குடும்பப் பெயரின் இறுதியில் இருந்த இரட்டை ஒற்றை அனெட் பிற்காலத்தில் அமெரிக்க மேடைக்காகக் குறைத்துக்கொண்டதால், ஆங்கில நூல்களில் இப்பெயர் இரு வகையாகவும் எழுதப்படுகிறது.

ஆறு வயதளவில் இவருடைய கால்கள் வலுவற்றிருப்பது தெரியவந்தது. கால்களை நேராக்க எஃகுப் பட்டைகள் பூட்டப்பட்டன. அவை வலி மிகுந்தவை. கால்களுக்கு வலுவூட்டுவதற்காகவே சிட்னியில் இருந்த கேவில் குளத்தில் இவருக்கு நீச்சல் கற்பிக்கப்பட்டது. குளத்தை நடத்திய கேவில் குடும்பத்தினர், ஆஸ்திரேலிய முன்னோக்கு நீச்சல் பாணியை உலகெங்கும் பரப்பியவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது. நீரில் உடலின் எடை பெருமளவு தாங்கப்பட்டுவிடுவதால், தரையில் நிற்க இயலாத கால்களும் நீருக்குள் அசையும். இன்றைய இயன்முறை மருத்துவத்திலும் இதே அடிப்படையில் நீர்ப்பயிற்சி அளிக்கப்படுகிறது. 13 வயதில் இவருடைய கால்கள் ஏறக்குறைய இயல்பு நிலையை அடைந்தன. 15 வயதில் அன்று வழக்கிலிருந்த நீச்சல் வகைகள் அனைத்தையும் கற்று, முதல் போட்டியிலும் வென்றார்.

1902 ஆம் ஆண்டில் நியூ சவுத் வேல்ஸ் மாநில மகளிர் போட்டிகளில் 100 கெஜத் தொலைவை 1 நிமிடம் 22 நொடிகளிலும், ஒரு மைல் தொலைவை 33 நிமிடம் 49 நொடிகளிலும் நீந்தி முதலிடம் பெற்றார். இவை அக்காலத்தில் சாதனை நேரங்களாகும்.

மெல்பேர்ண் காலம்

அதே ஆண்டில் குடும்பம் மெல்பேர்ணுக்குக் குடிபெயர்ந்தது. தாய் இசை ஆசிரியையாகப் பணியேற்ற மென்டோன் மகளிர் பள்ளியில் அனெட் சேர்க்கப்பட்டார். படிப்புடன் நீச்சல், நீர்ப்பாய்ச்சல் காட்சிகளையும் நடத்தினார். பிரின்சஸ் கோர்ட் என்ற கேளிக்கை அரங்கில் கடற்கன்னியாகத் தோன்றினார். பொருட்காட்சி மீன்காட்சியகத்தின் கண்ணாடித் தொட்டியில், மீன்களுடன் நாளொன்றுக்கு இரு காட்சிகள் நீந்தினார். 1903 இல் பிளாண்ட் ஹோல்ட் என்பவரின் நாடகம் ஒன்றில், மேடையிலேயே அமைக்கப்பட்ட நீர்நிலைக்குள் உயரத்திலிருந்து பாய்ந்து பெயர் பெற்றார்.

ஆக, இவரது கடற்கன்னி வேடம் திரைப்படத்துக்காகப் பிறந்ததன்று. படங்களில் நடிப்பதற்குச் சுமார் எட்டு ஆண்டுகள் முன்னரே, பள்ளி மாணவியாக இருக்கும்போதே தொடங்கிவிட்டது.

ஐரோப்பாவில்

ஏப்ரல் 1905 இல் தந்தையும் மகளும் இங்கிலாந்துக்குக் கப்பலேறினர். அங்கு இவர்களை அறிந்தவர் எவரும் இலர். கையில் பணமும் குறைவு. கவனத்தை ஈர்ப்பதற்காக அனெட் தேம்சு ஆற்றில் புட்னியிலிருந்து பிளாக்வால் வரை நீந்தினார். ஆறு அன்று கழிவுகளாலும் படகுகளாலும் நிறைந்திருந்தது. இந்நீச்சலைப் பத்திரிகைகள் பெரிதாக வெளியிட்டன. இதையடுத்து டெய்லி மிரர் நாளிதழ், ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்கும் முயற்சிக்கு இவருக்கு ஆதரவளித்தது.

இக்கால்வாயை நீந்திக் கடக்க முயன்ற முதற்பெண்களுள் கெலர்மான் ஒருவர். இவருக்கு முன்பு 1900 ஆம் ஆண்டில் ஆஸ்திரியாவைச் சேர்ந்த வால்புர்கா வான் இசசெஸ்கு என்ற சீமாட்டி முயன்றிருந்தார். கெலர்மான் ஆகஸ்ட் 1905 இல் தொடங்கி மொத்தம் மூன்று முறை முயன்றார். மூன்றும் தோல்வியில் முடிந்தன. அவற்றுள் நீண்டது சுமார் பத்தரை மணி நேரம் நீடித்தது. அதே கடலில் ஆண்கள் உடையின்றி நீந்த முடிந்தது. இவருக்கு அது மறுக்கப்பட்டது. அணிந்திருந்த உடை உப்புநீரில் மணிக்கணக்கில் உராய்ந்து அக்குளின் கீழ்த் தோலைப் புண்ணாக்கியது. தமக்குத் தாங்குதிறன் இருந்தது, முரட்டு வலிமைதான் போதவில்லை என்று பின்னாளில் இவர் காரணம் கூறினார். உடையின் பங்கும் சிறிதாக இருந்திருக்க இயலாது. 1926 இல் கால்வாயைக் கடந்த முதல் பெண்ணான அமெரிக்காவின் கெர்ட்ரூட் எடெர்லி, இதே உராய்வைத் தவிர்க்கும் பொருட்டுத் தம் தமக்கையுடன் சேர்ந்து இரண்டு துண்டுகளாலான உடை ஒன்றை உருவாக்கிக்கொண்டே கடலில் இறங்கினார். (ஆசியப் பெண்களுள் முதலில் கடந்தவர் இந்தியாவின் ஆரத்தி சாகா; 1959.)

பாரிசில் சேன் ஆற்றில் நடந்த போட்டியில் 17 ஆண்களுடன் நீந்தி மூன்றாமிடத்தைப் பகிர்ந்துகொண்டார். ஜூன் 1906 இல் தன்யூப் ஆற்றில் துல்ன் முதல் வியன்னா வரை சுமார் 36 கிலோமீட்டர் தொலைவுக்கு நடந்த போட்டியில், மேற்சொன்ன இசசெஸ்கு சீமாட்டியையே தோற்கடித்தார்.

காலுறை தைத்த கதை

கால்வாய் முயற்சிகளால் புகழ்பெற்றிருந்த நாட்களில், இலண்டனின் பாத் கிளப் என்ற உயர்குடியினர் மன்றத்தில் அரச குடும்பத்தினர் முன்னிலையில் நீந்திக் காட்டும்படி இவர் அழைக்கப்பட்டார். ஆஸ்திரேலியாவில் இவர் வழக்கமாக அணிந்தது, ஆண்பிள்ளைகள் அணியும் குறுங்கால் பின்னல் உடை. வெறுங்கால் தெரியும் அவ்வுடையில் அரச குடும்பத்தினர் முன் தோன்றக் கூடாது என்று தெரிவிக்கப்பட்டது. பாவாடை போன்ற உடையில் நீந்த இவருக்கு விருப்பமில்லை. நீண்ட கறுப்புக் காலுறைகள் இரண்டை வாங்கி, தம் நீச்சல் உடையின் கால் விளிம்புடன் சேர்த்துத் தைத்துவிட்டார். கழுத்து முதல் கால்விரல் வரை ஒரே துண்டாக, தோல் தெரியாமலும் கைகால் அசைவுக்குத் தடையின்றியும் ஓர் உடை கிடைத்தது. விதியும் மீறப்படவில்லை.

பின்னாளில் இவர் பெயரிலேயே கடைகளில் விற்பனையான மகளிர் நீச்சல் உடைகளுக்கு இந்தத் தையல் வேலையே முன்னோடி எனலாம்.

அக்கால நீச்சல் உடைகள்

இதன் முக்கியத்துவத்தை உணர, அன்று ஐரோப்பிய, அமெரிக்கப் பெண்கள் கடலில் இறங்கும்போது அணிந்தவற்றைத் தெரிந்துகொள்வது தேவை. கம்பளி அல்லது கனத்த பருத்தியாலான மேற்சட்டை, அதன்மேல் பாவாடை, உள்ளே முழங்கால் வரையிலான காற்சட்டை, காலுறை, சில இடங்களில் காலணி. இவை நீந்துவதற்கான உடைகள் அல்ல. கயிற்றைப் பற்றிக்கொண்டு அலையில் நிற்பதற்கானவை. கம்பளி நீரை மிகுதியாக உறிஞ்சும். ஐந்தரை மீட்டர் சேலையைத் துவைத்துப் பிழிந்து கொடியில் போடுபவர்கள், நனைந்த துணியின் கனத்தைச் சொல்லாமலே அறிவர். சேலை நெசவுக்குப் பெயர்பெற்ற இளம்பிள்ளை முதலிய ஊர்கள் அமைந்த சேலம், நாமக்கல் சமவெளியில் பிள்ளைகள் கிணற்று நீச்சலை முதுகில் காய்ந்த சுரைக்குடுவையைக் கட்டிக்கொண்டு பழகுவது வழக்கம். அங்கும் கால்களைச் சுற்றும் பாவாடையை வரிந்து கட்டாமல் பெண்பிள்ளைகளை நீரில் இறக்குவதில்லை. கிணற்றில் எல்லோரும் அறிந்திருந்த இந்த எளிய எச்சரிக்கையை, மேற்கத்திய நாகரிக உடை ஏற்க மறுத்துவந்தது.

விளைவு உயிரிழப்பாகவும் இருந்தது. ஜூன் 15, 1904 அன்று நியூயார்க்கின் கிழக்கு ஆற்றில் ஜெனரல் ஸ்லோகம் என்ற உல்லாசப் படகு தீப்பற்றியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். உயிர்காப்பு மிதவைகள் மட்கிப்போயிருந்தது பெருங்காரணம். பயணிகளில் நீச்சல் அறிந்தோர் மிகச் சிலரே என்பதும், நீரில் குதித்தவர்களை அவர்களது கனத்த உடைகளே கீழே இழுத்தன என்பதும் மற்றக் காரணங்கள். கெலர்மான் அமெரிக்காவுக்குச் சென்றது இவ்விபத்து நிகழ்ந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பின்பு ஆகும்.

ரெவீர் கடற்கரை நிகழ்ச்சி

1907 இல் பாஸ்டனுக்கு அருகிலுள்ள ரெவீர் கடற்கரையில், ஒற்றைத்துண்டு உடை அணிந்ததற்காகக் கெலர்மான் கைது செய்யப்பட்டார் என்பது இவரைப் பற்றி மிகுதியாகச் சொல்லப்படும் செய்தி. வழக்கு மன்றத்தில், இரும்புச் சங்கிலியைக் கட்டிக்கொண்டு நீந்துவதற்கும் பாவாடையுடன் நீந்துவதற்கும் வேறுபாடில்லை என்ற பொருளில் இவர் வாதிட்டதாகவும், நீரில் இறங்கும் வரை மேலங்கி அணிய வேண்டும் என்ற நிபந்தனையுடன் நீதிபதி விடுவித்ததாகவும் கதை தொடர்கிறது.

எனினும் அக்காலக் காவல்துறைப் பதிவுகளோ நாளிதழ்களோ இதனை உறுதிப்படுத்தவில்லை. பல பத்தாண்டுகளுக்குப் பின் கெலர்மான் அளித்த நேர்காணல்களின் வழியே இக்கதை பரவியது. அவ்வாண்டில் இவர் அக்கடற்கரைக் கேளிக்கைப் பூங்காவில் நிகழ்ச்சி நடத்தியது உண்மை. விளம்பரத்தின் பயனை நன்கறிந்த மேடைக் கலைஞர் என்பதால், இக்கதையை ஐயத்துடன் அணுகுவதே முறை. உடை தொடர்பான கெடுபிடிகள் மட்டும் கற்பனையல்ல. அமெரிக்கக் கடற்கரைகள் பலவற்றில் 1920களின் தொடக்கத்திலும் காவலர்கள் அளவுநாடாவுடன் நின்று பெண்களின் நீச்சல் உடையை அளந்துவந்தனர். அதற்கு நிழற்படச் சான்றுகள் உள்ளன.

கெலர்மானின் தாய்நாட்டிலும் நிலைமை ஒன்றும் எளிதாக இல்லை. ஆண்கள் பார்வையாளராக இருக்கும் போட்டிகளில் பெண்கள் நீந்தக் கூடாது என்ற விதி நியூ சவுத் வேல்ஸ் மகளிர் நீச்சல் சங்கத்திலேயே இருந்தது. 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் முதன்முறையாக மகளிர் நீச்சல் சேர்க்கப்பட்டபோது, இவ்விதி தளர்த்தப்பட்ட பின்னரே ஃபேன்னி டியூராக், மினா வைலி இருவரும் செல்ல முடிந்தது. அவர்கள் முறையே தங்கமும் வெள்ளியும் வென்றனர். கெலர்மான் ஊதியம் பெற்று நீந்திய தொழில்முறைக் கலைஞர். ஆதலால் ஒலிம்பிக் வாயில் இவருக்குத் திறக்கவில்லை.

அமெரிக்க மேடையில்

1906 இல் சிகாகோவின் ஒயிட் சிட்டி பூங்காவிலும், அடுத்த ஆண்டு பாஸ்டன் பகுதியிலும் நிகழ்ச்சிகள் நடத்திய கெலர்மான், விரைவில் அமெரிக்காவின் பல்சுவை மேடைகளில் அதிக ஊதியம் பெறும் கலைஞர்களுள் ஒருவரானார். 1907 இல் நியூயார்க் இப்போட்ரோம் அரங்கின் கண்ணாடித் தொட்டியில் இவர் நிகழ்த்திய நீர்நடனம், பின்னாளைய ஒத்திசைவு நீச்சலுக்கு முன்னோடியாகக் கூறப்படுகிறது. அவ்விளையாட்டு 1984 இல் ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. இவரை அதன் கண்டுபிடிப்பாளர் என்பது சற்று மிகை. மக்களிடையே அதற்குப் பெயர் வாங்கித் தந்தவர் என்பது பொருந்தும்.

1908 இல் ஆர்வார்டு பல்கலைக்கழகத்தின் உடற்கல்வி ஆசிரியர் டட்லி சார்ஜென்ட், சுமார் 3,000 பெண்களின் உடல் அளவுகளை ஆராய்ந்து, வீனஸ் டி மைலோ சிலையின் அளவுகளுக்கு மிக நெருங்கியவர் என்று கூறி, கெலர்மானைக் குறையற்ற பெண்மணி என அறிவித்தார். அச்சிலைக்குக் கைகள் இல்லை என்பதைச் சார்ஜென்ட் எவ்வாறு சரிக்கட்டினார் எனத் தெரியவில்லை. எஃகுப் பட்டைகள் பூட்டப்பட்டிருந்த கால்களுக்கு இப்பட்டம் கிடைத்ததை விளம்பரதாரர்கள் நன்கு பயன்படுத்திக்கொண்டனர்.

1912 இல் தம் மேலாளர் ஜேம்ஸ் சல்லிவனை மணந்தார்.

திரைப்படங்களும் மீன்வாலும்

1911 இல் வைட்டாகிராப் நிறுவனம் வெளியிட்ட தி மெர்மெயிட் என்ற குறும்படத்தில் கெலர்மான் மீன்வாலுடன் நீந்தினார். நீந்தத்தக்க மீன்வால் அணிந்து திரையில் தோன்றிய முதல் நடிகையாக இவர் குறிப்பிடப்படுகிறார். 1914 இல் எர்பர்ட் பிரெனன் இயக்கத்தில் நெப்டியூன்ஸ் டாட்டர் பெர்முடாத் தீவில் படமாக்கப்பட்டது. படப்பிடிப்பின்போது நீர்த்தொட்டியின் கண்ணாடி உடைந்து, கெலர்மானும் பிரெனனும் காயமடைந்தனர்.

1916 இல் வெளியான எ டாட்டர் ஆஃப் த காட்ஸ் ஜமைக்காவில் எடுக்கப்பட்டது. பாக்ஸ் நிறுவனம் இதற்குப் பத்து லட்சம் டாலர் செலவிட்டதாக விளம்பரம் செய்தது. சுமார் 28 மீட்டர் உயரத்திலிருந்து கடலில் பாயும் காட்சியிலும், முதலைகள் கொண்ட நீர்நிலையில் குதிக்கும் காட்சியிலும் இவரே நடித்தார் என்று கூறப்படுகிறது. இப்படத்தின் ஒரு காட்சியில் ஆடையின்றித் தோன்றியதால், முன்னணி நடிகையருள் அவ்வாறு தோன்றிய முதல்வர் என்றும் இவர் குறிக்கப்படுகிறார். குயின் ஆஃப் த சீ (1918) படத்திலும் கடற்கன்னியாக நடித்தார். 1924 இல் நியூசிலாந்தில் எடுக்கப்பட்ட வீனஸ் ஆஃப் த சவுத் சீஸ் இவரது கடைசி முழுநீளப் படம்.

இவற்றுள் கடைசிப் படம் மட்டுமே முழுமையாகக் கிடைக்கிறது. 1916, 1918 ஆண்டுப் படங்கள் அழிந்துபோயின. எனவே இவருடைய மீன்வால்கள் நீரில் எவ்வாறு அசைந்தன என்பதைப் பெரும்பாலும் நிழற்படங்களைக் கொண்டே ஊகிக்க வேண்டியுள்ளது.

மீன்வால் உடையின் அமைப்பு

நாடகங்களில் நின்று பேசும் கடற்கன்னிக்கு வால் ஓர் ஒப்பனை மட்டுமே. நீந்துபவருக்கு அது கருவி. இடுப்பிலிருந்து பாதம் வரை இரு கால்களும் ஓர் உறைக்குள் சேர்ந்திருப்பதால் கால்களை மாற்றி மாற்றி உதைக்க முடியாது. மார்பில் தொடங்கும் அசைவு இடுப்பு, தொடை, முழங்கால் வழியாக அலைபோல் இறங்கி, பாதத்தில் விசிறியாக வெளிப்பட வேண்டும். இன்று டால்பின் உதை எனப்படும் இவ்வசைவு, பட்டாம்பூச்சி நீச்சல் 1952 இல் தனி வகையாக ஏற்கப்பட்டபோதுதான் போட்டிகளில் அனுமதிக்கப்பட்டது. வால் அணிந்தவருக்கோ இதைத் தவிர வேறு உதை கிடையாது.

தைப்பவர் சந்திக்கும் சிக்கல்கள் இங்கிருந்தே தொடங்குகின்றன. உறை தளர்ந்திருந்தால் அதற்குள் நீர் தேங்கி வால் சாக்குப்பை போலாகிவிடும். இறுகியிருந்தால் முழங்கால் மடங்காது. நனைந்த துணி நீளும். வறண்ட உடலில் பொருந்திய அளவு நீரில் பொருந்தாது. அடிப்பகுதியில் நீர் வடிய வழி இல்லாவிடில், கரையேறும்போது உடை தன் எடையைப் போல் பன்மடங்கு நீரைச் சுமந்து வரும். கெலர்மானின் காலத்தில் கிடைத்தவை கம்பளிப் பின்னல், பருத்தி, பட்டு ஆகியவையே. நன்கு இழுபட்டு மீளும் எலாஸ்டேன் இழையை டூபாண்ட் நிறுவனத்தின் ஜோசப் ஷைவர்ஸ் கண்டுபிடித்தது 1958 இல்தான். இழுபடாத துணியில் வால் தைத்து அதில் நீந்தியவர், நீரில் கால் எப்படி அசையும் என்பதைத் தம் உடலால் நன்கறிந்திருக்க வேண்டும். இவர் பிறரிடம் விடாமல் தாமே வடிவமைத்ததன் காரணத்தை இதில் காணலாம்.

இன்று வீட்டில் தைக்கப்படும் வால்கள் பெரும்பாலும் நைலானும் எலாஸ்டேனும் கலந்த நீச்சல் உடைத் துணியால் ஆனவை. இடுப்பு, தொடை, முழங்கால், கணுக்கால் ஆகியவற்றின் சுற்றளவை எடுத்து, துணியின் இழுவைக்கேற்பச் சிறிது குறைத்து, முன்னும் பின்னுமாக இரு துண்டுகள் வெட்டப்படுகின்றன. நேர்த்தையல் போட்டால் துணி விரியும்போது நூல் அறுந்துவிடும்; எனவே ஜிக்ஜாக் தையல் அல்லது ஓவர்லாக் பயன்படுத்தப்படுகிறது. பருத்தி நூலைவிடப் பாலியஸ்டர் நூல் குளத்து நீரின் குளோரினை மேலாகத் தாங்கும். துடுப்பின் உள்ளே இரு பாதங்களையும் சேர்த்துப் பொருத்தும் ஒற்றைத்துடுப்பு வைக்கப்படுகிறது. இது 1970களில் சோவியத் ஒன்றியத்தில் போட்டி நீச்சலுக்காக உருவானது. துடுப்பைச் செருகவும் நீர் வடியவும் அடியில் திறப்பு விடப்படுகிறது. செதில்கள் துணிவண்ணத்தால் வரையப்படுகின்றன.

வால் அணிந்தவர் நிற்கவோ நடக்கவோ நீரில் கால் மிதிக்கவோ இயலாது. அதனால் நன்றாக நீந்தத் தெரிந்தவர் மட்டுமே, அருகில் ஒருவர் இருக்கும்போது அணிய வேண்டும் என்பதும், உதறியவுடன் கழன்றுவிடும்படி தைக்க வேண்டும் என்பதும் பொதுவான எச்சரிக்கைகள். பாவாடை பெண்களை மூழ்கடிக்கிறது என்று வாதிட்டவரே கால்களைப் பிணைக்கும் உடையில் நீந்தினார் என்பது முரணாகத் தோன்றலாம். கெலர்மான் அணிந்த வால், தேர்ந்த நீச்சல்காரர் தாமே தெரிந்தெடுத்து, தம் அளவுக்குத் தைத்து, வேண்டியபோது கழற்றிய ஒன்று. பாவாடையோ நீந்தத் தெரியாதவர்கள்மீது வழக்கத்தால் சுமத்தப்பட்டது.

புளோரிடாவின் வீக்கி வாச்சி நீரூற்றில் 1947 இல் நியூட்டன் பெர்ரி தொடங்கிய நீரடி அரங்கில், கடற்கன்னி வேடமிட்ட பெண்கள் காற்றுக் குழாய்களால் மூச்செடுத்தபடி காட்சி நடத்தினர். அவர்களது உடைகளின் வடிவம் கெலர்மானின் உடைகளை ஒத்திருப்பதாகச் சுட்டப்படுகிறது.

நூல்கள்

1918 இல் நீச்சல் கற்பிக்கும் நூல் ஒன்றையும், உடல்நலம் பற்றிய நூல் ஒன்றையும் கெலர்மான் வெளியிட்டார். நீச்சல் நூலில் பெண்களுக்குக் கனத்த பாவாடை உடையைப் பரிந்துரைப்பவர்கள் அவர்களின் உயிருக்கே ஊறு செய்கின்றனர் என்று கடுமையாக எழுதினார். தென்கடல் தீவுகளின் தேவதைக் கதைகளைத் தொகுத்து 1926 இல் சிறுவர் நூலொன்றும் வெளியிட்டார். உடல்நல நூலில் உள்ள எடை, அழகு பற்றிய அறிவுரைகள் பல இன்று ஏற்கத்தக்கவை அல்ல. நீச்சல் நூலின் பயிற்சி முறைகள் இன்றும் படிக்கப் பயனுடையவை.

பிற்காலம்

வாழ்நாள் முழுவதும் சைவ உணவினராக இருந்த கெலர்மான், கலிபோர்னியாவின் லாங் பீச் நகரில் உடல்நல உணவுக் கடை ஒன்றை நடத்தினார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஆஸ்திரேலியாவில் தங்கி, செஞ்சிலுவைச் சங்கத்துக்காகவும் படைவீரர்களுக்காகவும் நிகழ்ச்சிகள் நடத்தினார்.

1952 இல் மெட்ரோ கோல்ட்வின் மேயர் நிறுவனம், மெர்வின் லெராய் இயக்கத்தில் இவரது வாழ்க்கையை மில்லியன் டாலர் மெர்மெயிட் என்ற வண்ணப்படமாக வெளியிட்டது. நீச்சல் வீராங்கனையான எஸ்தர் வில்லியம்ஸ் கெலர்மானாக நடித்தார். படத்தில் காட்டப்படும் பல நிகழ்ச்சிகள் வரலாற்றோடு பொருந்தாதவை; ரெவீர் கடற்கரைக் கைது இப்படத்தின் வழியாகவே உலகெங்கும் நம்பப்படலாயிற்று. படப்பிடிப்பில் உலோகக் கிரீடம் அணிந்து உயரத்திலிருந்து பாய்ந்தபோது, நீரில் மோதிய வேகத்தில் கிரீடம் தலையைப் பின்னுக்குத் தள்ளியதால் வில்லியம்சின் கழுத்தெலும்புகள் முறிந்தன. அவர் பல மாதங்கள் மாவுக்கட்டுடன் இருக்க நேர்ந்தது. உடையை வடிவமைத்தவர் அதை அணிந்து நீரில் பாய வேண்டியவராக இருந்திருந்தால் அக்கிரீடம் உலோகத்தால் செய்யப்பட்டிருக்காது.

1960 இல் ஹாலிவுட் புகழ்ப் பாதையில் கெலர்மானுக்கு நட்சத்திரம் பதிக்கப்பட்டது. 1970 இல் ஆஸ்திரேலியாவுக்கு நிலையாகத் திரும்பினார். 1974 இல் புளோரிடாவில் உள்ள பன்னாட்டு நீச்சல் புகழவையில் இவர் பெயர் சேர்க்கப்பட்டது. முதுமையிலும் நாள்தோறும் நீந்தும் வழக்கத்தைக் கைவிடவில்லை.

மறைவு

கெலர்மான் நவம்பர் 1975 இல் குயின்ஸ்லாந்து மாநிலத்தின் சவுத்போர்ட் நகரில், தமது 89 ஆம் வயதில் காலமானார். அவரது சாம்பல் பெரும் பவளத்திட்டுப் பகுதிக் கடலில் தூவப்பட்டது. இவருக்குப் பிள்ளைகள் இல்லை. மேடை உடைகளையும் நினைவுப் பொருட்களையும் சிட்னி ஆப்பரா மாளிகைக்கு விட்டுச் சென்றார். அவற்றுள் பெரும்பகுதி பின்னர் சிட்னியின் பவர்ஹவுஸ் அருங்காட்சியகத் தொகுப்பில் சேர்ந்தது. 2002 இல் மைக்கேல் கார்டெல் இயக்கத்தில் இவரைப் பற்றிய ஆவணப்படம் ஒன்று வெளிவந்தது.